துண்டுக்குள்ளே லைவ்

“வெலை போடாம மாட்டுப் படத்த மட்டும் போட்டா எவனுங்கப்பா வருவான்?” என்றாள் செல்வப்பிரியா.

“துண்டுக்குள்ள பேசறத ஊருக்கே தமுக்கடிக்கச் சொல்றயா அம்மிணி? அதெல்லாம் ஆகாது.”

நல்லமுத்து, வேலந்தாவளம் சந்தையில் முப்பது வருட மாட்டுத் தரகர். துண்டுக்குள் விற்பவரின் விரலைப் பிடித்து ஒரு விலை, வாங்குபவரின் விரலைப் பிடித்து இன்னொரு விலை. நடுவில் என்ன நடந்தது என்பது அவருக்கும் அந்தத் துண்டுக்கும்தான் தெரியும். ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘துண்டுத் திருடன்’.

தொழில் படுத்துக்கொண்டே வந்தது. இப்போதெல்லாம் மாட்டையும் போனில் பார்த்து போனிலேயே முடித்துவிடுகிறார்கள். நாமும் இறங்கிப் பார்ப்போம் என்று மகள்தான் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினாள். பத்து நாளில் அறுபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். அதில் பாதி சொந்தக்காரர்கள்.

‘விலை?’ ‘ரேட் பிளீஸ்.’ சித்தூர் ஜிஜி மலையாளத்தில், ‘சேட்டா, வில எத்ர?’ என்று கேட்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்து ரத்தினசாமி போட்டது மட்டும் வேறு மாதிரி: ‘துண்டை எடுத்தால் திருட்டுத் தெரியும்.’

அதற்கு எட்டு லைக். ஒன்று அவளுடைய சொந்தப் பெரியப்பா போட்டது.

செல்வப்பிரியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊர் சொன்னது கூடப் பெரிதில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது, அதுதான் வலித்தது.

“சரிங்கப்பா, வெலை வேண்டாம். நாளைக்குச் சந்தையில இருந்து லைவ் போடுங்க. நீங்க யாவாரம் பண்றத சனங்க நேர்ல பாக்கட்டும். என்ன ஆனாலும் போனக் கைய விட்டு எறக்கக் கூடாது, ஆஃப் பண்ணவும் கூடாது. சரீங்களா?”

“ஆகட்டும்.”

மறுநாள் அவள் சந்தை வாசல் டீக்கடையில் உட்கார்ந்து, அம்மாவின் போனில் லைவைப் பார்த்தாள். அப்பா வெளுத்து வாங்கினார்.

“இதா பாருங்க, நம்ம நஞ்சப்பண்ணன் மாடு. ரண்டாம் ஈத்து. வேளைக்கு எட்டு லிட்டருக்குக் கொறையாது. ஒதைக்காது, முட்டாது, என்ற ஊட்டுக்காரிய விடச் சாது!”

இதை அம்மாவுக்குக் காட்டக் கூடாது என்று செல்வப்பிரியா முடிவு செய்துகொண்டாள்.

விலை பேசும் நேரம் வந்தது. அப்பாவின் இடது கையில் போன். மகள் சொல்லைத் தட்டாத மனிதர், அதை இறக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. வலது கையால் நஞ்சப்பன் கையைப் பிடித்து, தோளில் கிடந்த துண்டை இழுத்து, போனையும் சேர்த்து மூடிவிட்டார். இனி யார் கண்ணுக்கும் தெரியாது என்று அவருக்கு நிம்மதி.

மெல்லிசான வெள்ளைத் துண்டு. மேலே உச்சி வெயில். உள்ளே எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

“ஐயோ அப்பா!” அவள் கையிலிருந்த டீ சிந்தியது.

நாலு விரல், அப்புறம் முழுக் கை. தரகர் மகளுக்கு இதைப் படிக்கத் தெரியாதா? நாற்பத்தைந்தாயிரம். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் மாட்டுக்காரர்கள்தானே, ‘45! 45!’ என்று கமெண்ட் கொட்டியது. பார்ப்பவர் எண்ணிக்கை நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று ஏறியது.

அடுத்து வாங்குபவர் கை. அந்த ரத்தினசாமியேதான்! போன மாதம் இரண்டு கறவை மாட்டையும் நோய்க்குக் கொடுத்துவிட்டு, சொசைட்டிக்குப் பால் ஊற்ற வழியில்லாமல் நிற்கிற மனிதர்.

‘அம்பது கேப்பான் பாருங்க.’ ‘இல்ல, அம்பத்தஞ்சு!’ என்று பந்தயமே கட்டினார்கள்.

செல்வப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள். இன்றோடு அப்பா பேர் சந்தி சிரிக்கப் போகிறது.

மறுபடி கண்ணைத் திறந்தபோது கமெண்ட் ஒன்றுகூட ஓடவில்லை. துண்டுக்குள் அப்பா பிடித்திருந்தது நாலே விரல். முழுக் கையைப் பிடிக்கவே இல்லை. நாற்பதுக்கு முடித்துவிட்டார்.

ரத்தினசாமி மாட்டைப் பிடித்துக்கொண்டு டீக்கடை வழியாகத்தான் போனார். கடைக்காரரிடம் மார்தட்டிக்கொண்டார்: “அடிச்சு எறக்கிப்போட்டனல்ல! இருந்தாலும் அந்தத் திருடன் இதுலயே அஞ்சாயிரம் தின்னிருப்பான்.”

அவள் சந்தைக்குள் ஓடினாள். “ஏனுங்கப்பா, அஞ்சாயிரத்தக் கைக்காசுல இருந்தா போட்டீங்க?”

“மெதுவாப் பேசு கண்ணு. ஒதவின்னு குடுத்தா அந்த ரோசக்காரன் வாங்குவானா? என்னையத் திட்டிக்கிட்டே வாங்கினாத்தான் அவனுக்குச் சோறு எறங்கும்.”

“அதுக்குப் பணம் எங்கிருந்துங்க வருது?”

“போன வாரம் அந்தப் பெரிய பண்ணைக்காரருக்கு நாலு மாடு புடிச்சுக் குடுத்தனே. அந்தத் துண்டுக்குள்ளதான் கேமரா இல்லியே!” என்று கண்ணடித்தார் நல்லமுத்து.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. “அப்பா... இந்தத் துண்டுக்குள்ள இருந்துச்சுங்க. இப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருக்குது.”

அவர் இடது கையில் இருந்த போனைப் பார்த்தார். மூவாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘அண்ணா, எனக்கும் நாலு விரல் போதும்’ என்று வரிசையாகப் பதினேழு பேர். கடைசியில் பண்ணைக்காரர்: ‘நல்லமுத்து, சாயங்காலம் பண்ணைக்கு வந்துட்டுப் போகவும்.’

நல்லமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“பாவி மகளே, முப்பது வருசமாப் பாடுபட்டுச் சம்பாரிச்ச கெட்ட பேர ஒரே நாள்ல கெடுத்துப்போட்டயே!”