தானாக ஒலித்த மணி

மடத்தின் கூட்ட அறையில், காலியாக இருந்த மடாதிபதியின் இருக்கைக்கு வலப்புறம் துணைத்தலைவர் செர்லோ. இடப்புறம், கண் மங்கிப்போன கிழவர் பெர்னியர். சுவரோரப் பெஞ்சுகளில் மற்றத் துறவிகள், மடத்தில் சேர்ந்த வரிசைப்படி. கதவோரம், கடைசியாக, கோயில் மணியடிக்கும் ஓடோ.

மூன்று நாள் முன்பு, மாலையில், மடாதிபதி கிபேர் இறந்திருந்தார்.

துறவி ஒருவர் சாகக் கிடந்தால் மரப்பலகையைத் தட்டுவார்கள். கேட்டதும் கைவேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் கட்டிலடிக்கு ஓடவேண்டும். அன்றும் ஓடினார்கள். கோயிலில் ஆளில்லை.

பெரிய மணி ஒரே ஒரு முறை ஒலித்தது.

மடத்தை நிறுவிய புனிதர் கண் மூடியபோதும் அப்படித்தான் ஒலித்ததாம், கை படாமல். இப்போது இன்னொரு புனிதர். இனி யாத்திரிகர்கள் காணிக்கையோடு வருவார்கள். பனியில் இடிந்த கோயில் கூரை எழும்பும். அற்புதத்தை அறிவித்து ஆயருக்குக் கடிதம் தயாராக இருந்தது.

"மணிக்காரன் நீ. பலகை தட்டினப்ப எங்கப்பா இருந்தே?" என்றார் செர்லோ.

ஓடோ எழுந்தான். சொல்லிவிடத்தான் வந்திருந்தான். அடித்தது நான். மடாதிபதிக்காக அல்ல. துறவிகளைத் தவிர வேறு யார் சாவுக்கும் இந்த மணி அடிக்கக்கூடாது என்று தெரிந்தேதான் அடித்தேன்.

பெர்னியர் முந்திக்கொண்டார். "என் பக்கத்துல நின்னுதான் மூக்கை உறிஞ்சிட்டு இருந்தான். எனக்குக் கண்ணுதான் போச்சு, காது போகல."

பெஞ்சுகளில் மெல்லச் சிரிப்பு ஓடியது. சாவுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

கிழவர் நிஜமாகவே நம்பினாரா, காப்பாற்றினாரா, தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் பொய்யராவார்; கூரையும் இல்லை. சொல்லாவிட்டால் அந்த ஒற்றை ஒலி மடாதிபதிக்குப் போய்விடும். யாருக்காக அடித்தானோ அவளுக்கு ஒன்றுமே இராது.

ஓடோ உட்கார்ந்தான்.

'மனிதக் கை எதுவும் கயிற்றைத் தொடவில்லை' என்ற வரியைச் செர்லோ உரக்கப் படித்தார். அரக்கை உருக்கி முத்திரை பதித்தார். கடிதத்தை வாயிலில் நிற்கும் குதிரைக்காரனிடம் சேர்ப்பது கடைசி இருக்கைக்காரன் வேலை.

வாயிலை ஒட்டி, அதே மாலையில் இறந்துபோன துணி துவைப்பவளின் குடிசை. துறவிகளின் அங்கிகள் இன்னும் கொடியில் கிடந்தன.

கடிதத்தை வாங்கிக்கொண்டு குதிரைக்காரன் தலை குனிந்து அவற்றுக்கடியில் புகுந்து போனான்.

ஓடோ ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினான், அம்மா மடிப்பதுபோலவே, அங்கியின் இரண்டு கைகளையும் உள்ளே வைத்து.