பன்னிரண்டாவது அடுப்பு

முதல் வீட்டிலேயே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"நிலக்கரி: எரிகிறது" என்று நோட்டில் எழுதினாள் சினார். மூலையில் அரசாங்கம் கொடுத்த மின்சார ஹீட்டரும் தன் பங்குக்குக் காய்ந்தது. பனிமலைக்கு நடுவே அவளுக்கு வியர்த்தது.

நாடு எவ்வளவு கரிப்புகையைக் குறைத்திருக்கிறது என்று கணக்கெடுக்கத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்தவள் அவள். போன வருடம் இந்தக் கிராமத்தின் பன்னிரண்டு வீட்டுக்கும் ஹீட்டர் கொடுத்தார்கள். கரியைக் கைவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இங்கே ஒழுங்காக நடந்தால்தான் பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களுக்கும் கிடைக்கும்.

"அறிக்கை அழகா இருக்கணும்மா" என்று கண்ணைச் சிமிட்டி அனுப்பியிருந்தார் மேலதிகாரி.

"கண்ணால பார்க்கிறதைத்தான் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினாள்.

கணவாய் மேலிருந்து பார்த்தபோது ஒரு புகைபோக்கியிலும் புகை இல்லை. சந்தோஷமாகத்தான் இறங்கினாள். இப்போது பார்த்தால் இப்படி.

இரண்டாவது வீட்டு வாசலில் நிறுத்தி நலம் விசாரித்தார்கள். அப்பா சுகமா, அம்மா சுகமா, ஆடுமாடு சுகமா என்று தொடங்கி, மலைநாட்டு வழக்கப்படி அவளுடைய ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பெயரையும் ஒப்பிக்கச் சொன்னார்கள். ஒருவழியாக உள்ளே போனால், அங்கேயும் அடுப்பு திகுதிகுவென்று எரிந்தது.

மூன்றாவது வீட்டிலும் அதே பாட்டன்மார், அதே நெருப்பு.

கூடவே வந்த ஊர்த்தலைவர் தோக்தோசுன் ஒரு விசித்திரப் பிறவி. ஒவ்வொரு வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் எதையோ மறந்தவர்போலத் திரும்பி உள்ளே போவார். அடுத்த வீட்டுக்குள் அவள் நுழையும்போது அவளுக்கு முன்னாலேயே அங்கே நிற்பார், மூச்சு வாங்க, மீசையெல்லாம் கரியோடு.

பதினோராவது வீட்டில் சினாருக்குப் பொறுமை போய்விட்டது.

"பதினோரு வீடு, பதினோரு அடுப்பு. காலையில புகையை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க தலைவரே? இதை அப்படியே எழுதப்போறேன். மத்த ஊருக்கு ஹீட்டர் வராது. உங்க புண்ணியம்."

தோக்தோசுன் மீசைக் கரியைத் துடைத்தார். "தேநீர் குடிச்சிட்டுப் பேசலாமேம்மா" என்றார்.

தேநீரைத் தொடாமல் எழுந்தாள். கடைசி வீட்டுக்காரி உமுதாய் வாசலில் கையைப் பிடித்து, "அப்பா சுகமா?" என்று ஆரம்பித்தாள்.

"எல்லாரும் சுகம், ஏழு பாட்டன்மாரும் போய்ச் சேர்ந்தாச்சு" என்று கையை உதறிக்கொண்டு நேரே உள்ளே நுழைந்தாள் சினார். "ஐயோ, இருங்கம்மா" என்று உமுதாய் பின்னாலேயே ஓடிவந்தாள்.

அடுப்பின் இரும்புக் கதவைச் சினார் இழுத்துத் திறந்தாள்.

உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அனுமதி கேட்காமல் வந்தவளை முறைப்பதுபோல் முறைத்தது.

அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது.

"என்னக்கா இது?"

உமுதாய்க்கு அவமானத்தில் முகம் சிவந்துவிட்டது. "குளிர்காலம் பூரா அடுப்பு மூட்டலம்மா. அதான் கோழி குடிவந்துடுச்சு. நீங்க வர்றதுக்குள்ள அதைக் கிளப்பியிருக்கணும். நீங்க வேகமா வந்துட்டீங்க."

"மத்த வீட்டிலெல்லாம் எரிஞ்சுதே?"

"விருந்தாளியை நெருப்பில்லாத வீட்டில எப்படிம்மா உட்கார வைக்கிறது? ஹீட்டரைக் காட்டி 'வாங்க, குளிர் காயுங்க'ன்னா அது ஒரு உபசாரமா? ஊர்ல பொட்டுக் கரி கிடையாது. கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊர்ல கெஞ்சி ஒரு வாளி வாங்கிட்டு வந்தோம். கொஞ்சம் பொறுத்துக்குங்க, நெருப்பு இப்ப வந்துடும்."

சொல்லி வாய் மூடவில்லை, பின்கதவு திறந்தது. முனை பொசுங்கிய மீசையோடு தோக்தோசுன் நின்றார். கையில் ஒரு இரும்பு வாளி, அதில் செக்கச்செவேலென்று கனல். விருந்தாளியைக் கண்டதும் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்து, கோட்டின் பின்பக்கத்தையும் பொசுக்கிக்கொண்டார்.

சினார் நோட்டைப் பிரித்தாள். பதினோரு வரிகளையும் அடித்தாள். கண்ணால் பார்த்ததை எழுதினாள்:

"நிலக்கரி, ஊர் முழுவதற்கும்: ஒரு வாளி. எரித்த காரணம்: நான்."