முதல் துளி

பிப்ரவரி 9. காய்ச்சுவதற்கு முன் கரும்புச்சாற்றை அரை நாள் அதிகமாகப் புளிக்கவிட்டுவிட்டேன். தவறு என்னுடையது.

எழுதப் படிக்கப் பழகும் மாலை வகுப்பு நோட்டில் மிர்லீன் இதை எழுதி முடிப்பதற்குள், மொத்த வியாபாரி மதாம் ஒடிலியா வந்துவிட்டார். அவருக்குப் பிடித்தால், மிர்லீன் முதன்முதலாகத் தனியே காய்ச்சிய க்ளேரின் ரம் தலைநகர் வரை போகும்.

மிர்லீன் சிறிய குப்பியிலிருந்து, ஊர் வழக்கப்படி செத்தவர்களுக்கென்று முதல் துளிகளைத் தரையில் ஊற்றினாள். பிறகு பெரிய பாட்டிலை எடுத்து மதாமின் குவளையை நிரப்பினாள்.

ஒரு வாய் குடித்த மதாம், "நல்ல சரக்குதான். ஆனா வேண்டாம்" என்றார்.

"ஏன் மதாம்?"

"இது பக்கத்து வீட்டு ஃபெனெல் காய்ச்சினது. அவன் சரக்கை இருபது வருஷமா குடிக்கிறேன், எனக்கே காது குத்தறியா?"

மிர்லீன் தலைகுனிந்தாள். "என்னோடது கெட்டுப்போயிருக்குமோன்னு பயம், மதாம். அதான் அவர்கிட்ட ஒரு பாட்டில் வாங்கினேன்."

"அந்தக் குப்பியை இப்படிக் குடு."

"ஐயோ, அது எதுக்கு?"

"என்னை ஏமாத்தலாம். செத்தவங்களை ஏமாத்த உனக்குத் துணிச்சல் வந்திருக்காது. அவங்களுக்கு உன்னோடதைத்தான் ஊத்தியிருப்பே."

மதாம் குப்பியிலிருந்து குடித்தார், கண்ணை மூடினார், மறுபடியும் குடித்தார்.

"இதை ஒளிச்சு வெச்சுட்டு அவனோடதைக் குடுத்தியே, கிறுக்கி! காய்ச்சின பத்து கேனும் எனக்குத்தான்."

அவர் போனதும் மிர்லீன் நோட்டைத் திறந்தாள்.

நாளை: பத்து கேன்களையும் வெளிப்புறம் நன்றாகத் துடைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் என் பெயரைப் பெரிதாக எழுத வேண்டும்.