கேமரா ஒப்புக்கொண்ட முகம்

உலகில் ஏற்கெனவே இருக்கிற படத்தைப் போல இன்னொன்றை எந்தக் கேமராவும் எடுக்காது என்று ஆனபிறகு, ஆசைக்காகப் படம் பிடிக்கும் கோமதிநாயகத்துக்கு ஒன்பது வருடமாக ஒரு படம்கூடத் தேறவில்லை. எண்ணெய்த் துளிக்குள் சூரியனைப் பிடித்துப் பார்த்தார். வெண்டைக்காய் வில்லையைக் கண்ணாடியில் ஒட்டி, அதன் வழியே வானத்தைப் பார்த்தார். "இதுபோல் ஏழு லட்சம் உள்ளன" என்று பணிவாகச் சொல்லிவிட்டுக் கேமரா கண்ணை மூடிக்கொள்ளும்.

அன்று இடியாப்பத் தட்டின் ஓட்டைகள் வழியே சுவரில் வெயில் புள்ளிகளை விழவைத்துக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். மனைவி இசக்கியம்மாள் மாவுக் கையோடு வந்து குறுக்கே நின்றாள்.

"அடுப்புல தண்ணி கொதிக்கி. தட்டத் தூக்கிட்டு வந்து இங்க என்னத்தப் பண்ணுதீய?"

அவர் விரல் பதறி அழுத்திவிட்டது. 'க்ளிக்' என்றது கேமரா.

இருவரும் திரையைப் பார்த்தார்கள். முகமெங்கும் வெயில் புள்ளிகள், பாதி மூடிய ஒரு கண், கோணிய வாய், மூக்கில் மாவு.

"ஐயய்யே, பேய் மாதிரில்லா இருக்கேன்! அழிச்சிருங்க."

ஒன்பது வருடத்தில் கிடைத்த ஒரே படம். ஆனாலும் அவளுக்குப் பிடிக்காததை வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அழிக்கும் பொத்தானைத் தொட்டார்.

"இதுபோல் உலகில் வேறு படம் இல்லை. அழிக்கவா?" என்று கேட்டது கேமரா.

இசக்கியம்மாள் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"இப்பிடி ஒரு மூஞ்சி யாருக்குமே இல்லியாமா? எங்க அக்காளுக்குக்கூடவா?"

"ஒருத்திக்கும் இல்ல."

"அப்பம் மொதல்ல அவளுக்கு அனுப்புங்க."