டென்சில் தூக்கிக்கொண்டு போன நாற்காலி

ஏலத்தில் எடுத்த சாய்வு நாற்காலியைத் தலைமேல் வைத்துக்கொண்டு, டென்சில் பாட்டுக்கு சர்ச் கேட்டைத் தாண்டிப் போய்விட்டான்.

நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றோம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனுக்கு ஒரு கூச்சநாச்சம் வேண்டாமா?

ஆஸ்டின் டவுன் பங்கில் எங்கள் மாதர் சங்கத்துக்கு இதுதான் பொழுதுபோக்கு, இதுதான் புண்ணியமும். சிவாஜிநகர் குஜிரிக் கடைகளில் ஒடிந்த மேஜை, நாற்காலி என்று பழைய சாமானாகப் பார்த்துப் பொறுக்கி வருவோம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்போம், பட்டி வைத்து ஓட்டை அடைப்போம், வார்னிஷ் அடிப்போம். பங்குத் திருவிழா ஏலத்தில் அதை விட்டு, வருகிற பணத்தை முதியோர் இல்லத்துக்குக் கொடுப்போம்.

அந்த ஏலத்துக்கு ஒரு மரியாதை உண்டு. எடுத்தவர் சாமானை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். பணத்தைக் கட்டிவிட்டு, மறுபடி ஏலம் விடுங்கள் என்று அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். அடுத்து எடுக்கிறவரும் அப்படியே. ஒரே ஸ்டூல் ஒரு சாயங்காலத்தில் பல கை மாறும். ஒவ்வொரு தடவையும் கைதட்டல்தான். கடைசியாக எடுத்தவர் சர்ச்சுக்கே விட்டுவிட்டுப் போவார். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

இந்த வருஷம் அந்த நாற்காலியைத்தான் மலைபோல நம்பியிருந்தோம். இல்லத்தின் கூரை ஒழுகுகிறது, மழைக்கு முன்னால் ஷீட் மாற்றியாக வேண்டும். எங்கள் சங்கத்துப் பெர்னதெத் அக்கா வேறு யாரையும் அதைத் தொட விடவில்லை. பிரம்பைத் தானே உட்கார்ந்து பின்னினார். விரல் நுனியெல்லாம் வெடித்துப்போயிருந்தது.

திருவிழாக் கமிட்டித் தலைவர் ரெமிஜியஸ்தான் வழக்கம்போல ஏலத்தை ஆரம்பித்தார். லேஅவுட் போட்டு மனை விற்கிறவர், கை தாராளம். டென்சில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறவன், ஆனால் விடாமல் கேட்டுக்கொண்டே போனான். முதல் சுற்று அவனுக்குப் போகட்டும் என்று ரெமிஜியஸ் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். அடுத்த சுற்றுக்கு மைக்கைக் கையில் எடுப்பதற்குள் டென்சில் பணத்தைக் கட்டிவிட்டு நாற்காலியைத் தூக்கிவிட்டான்.

அன்றைக்கே கமிட்டி கூடியது. ஏழைகள் வாயில் விழ வேண்டியதை அவன் தட்டிப் பறித்துவிட்டான் என்றார் ரெமிஜியஸ். நாளைக்குள் நாற்காலி வந்தாக வேண்டும், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதரைக் கொண்டு எல்லார் முன்னாலும் அவன் பெயரைச் சொல்ல வைப்பேன் என்றும் சொன்னார். நானே முதலில் தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் பெர்னதெத் அக்காவும் நானும் அவன் வீட்டுக்குக் கிளம்பினோம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்னென்ன கேட்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அக்கா விறுவிறுவென்று முன்னால் நடந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

சந்துக்குள் ஒரே ஒரு அறைதான் வீடு. நான் வாயைத் திறப்பதற்குள் டென்சில் வெளியே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினான்.

"ஸ்வல்ப மெல்லப் பேசுங்கக்கா. மகா இப்பத்தான் கண்ணசந்தா."

மகா அவன் பெண்டாட்டி. இழுப்புக்காரி என்று எங்களுக்குத் தெரியும். படுத்தால் மூச்சு முட்டும் என்றும், குளிர்காலம் முழுக்கச் சுவரில் சாய்ந்தபடியே விடிய விடிய உட்கார்ந்திருப்பாள் என்றும் அவன் சொல்லித்தான் தெரிந்தது.

"அதுக்காக? ஏல மரியாதை உனக்குத் தெரியாதா?" என்றேன். என் குரல் இறங்கவே இல்லை.

"தெரியும்க்கா. தெரிஞ்சுதான் எடுத்துட்டு வந்தேன். சும்மா கேட்டிருந்தாலும் குடுத்திருப்பீங்க. ஆனா நானும் எல்லாரையும் மாதிரி காசு குடுத்து எடுக்கணும்னு நெனச்சேன். உட்கார்றதுக்குத்தானே இதைச் செஞ்சீங்க?"

அக்கா அவனைத் தாண்டிப் போனார். கதவை லேசாகத் தள்ளி உள்ளே பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அக்கா பின்னின பிரம்பில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, மகா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே ஒரு பழைய ஸ்வெட்டர் போர்த்தியிருந்தது.

அக்கா கதவை மறுபடி சாத்திவிட்டு நடக்க ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலேயே ஓடி, ரெமிஜியஸுக்கு என்ன பதில் சொல்வது, கூரைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டுக்கொண்டே போனேன்.

"கூரைக்கு வீடு வீடா நானே கேக்கறேன், ஜோசஃபின். நீ சும்மா வா" என்றார்.

சாயங்காலம் கமிட்டியில் எல்லாரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். நாற்காலி எங்கே என்று ரெமிஜியஸ் கேட்டார். டென்சில் வீட்டில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும் என்றார் அக்கா. ரெமிஜியஸுக்கு முகம் சிவந்துவிட்டது. வருஷா வருஷம் நான் எடுத்துத் திருப்பிக் கொடுக்கிறேனே, ஒரு சாமானையாவது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பேனா என்று மேஜையைத் தட்டிக் கேட்டார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கோபம் அப்போதுதான் அக்காவின் குரலில் வந்தது.

"அதைத்தான் நானும் கேக்கறேன் ரெமிஜியஸ். இத்தனை வருஷத்துல நாங்க செஞ்ச ஒரு நாற்காலிலயாவது நீங்க உட்கார்ந்து பார்த்ததுண்டா?"