அமராவதி அக்காவின் கேன்

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சிறுநீரைக் கேனில் பிடித்து வைப்பார்கள். அதிலிருந்து எடுக்கும் பாஸ்பரஸ் உரத்தில்தான் மேய்ச்சல் காட்டுப் புல் வளர்கிறது. அங்கே மேயும் மாடுகளின் பால், கேன் கொடுத்த வீடுகளுக்கு மட்டும். கேன்களைச் சோதித்து வாங்குவது என் வேலை.

அமராவதி அக்கா இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். மருந்து கலந்திருந்தால் சோதனைத் தாள் நீலமாகிவிடும். கேனைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

"இன்னைக்கும் நீலமா தம்பி? தெருவே பால் காப்பி குடிக்குது, எனக்கு மட்டும் வரக்காப்பி. புல்லுகூட என்னை வேண்டாங்குது பாரு!" என்று சிரிப்பார்.

"சட்டமுங்க அக்கா, நான் என்ன பண்ணட்டும்?"

ஆடி மாதம் ஒருநாள் தாள் நிறம் மாறவில்லை. எனக்கே சந்தோஷம். "அக்கா, உங்க கேனு சுத்தமுங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். அவர் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் வீட்டுக்கும் பால் போயிற்று.

பன்னிரண்டு நாள் கழித்து வாசலில் கேன் இல்லை. விடியற்காலையில் அம்மாவின் உயிர் போய்விட்டதாக மகள் ஈஸ்வரி சொன்னாள். அரிசிப் பானைக்குள் கிடந்த மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து காட்டினாள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"ஏனுங்கண்ணா இப்படிப் பண்ணுச்சு?"

இப்போதெல்லாம் ஜெபத்தில் மண்டியிட்டால் அந்த நிறம் மாறாத தாள்தான் கண்முன் நிற்கிறது. இந்த வேலைக்காக என் வீட்டுக்குத் தினமும் இரண்டு லிட்டர் பால் வரும். அதில் ஒரு டம்ளரை அந்த வாசலில் கொடுத்திருக்கலாம்.