எல்லாரோட பிள்ளை

"பாத்தியாம்மா இந்தக் கொடுமையை? அந்தத் தையல்காரம்மா யார் யாரோ பெத்த பிள்ளைங்களோட கல்லறைக் கல்லையெல்லாம் பளபளன்னு தேய்க்கறாங்க. தான் பெத்த பிள்ளையோட கல்லு பாசி பிடிச்சுக் கிடக்கு!"

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். போரில் இறந்த சிப்பாய்களின் கல்லறைகளைப் பராமரிக்கும் குழுவில் அவளுக்கு இன்றுதான் முதல் நாள். பேசியவர் குழுத் தலைவர், மருந்துக்கடைக்காரர். நல்ல மனுஷர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவர் கைகாட்டிய இடத்தில் தையல்காரம்மா மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒரு சிப்பாயின் பெயரைப் பழைய டூத் பிரஷ்ஷால் எழுத்து எழுத்தாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க பையனோடது எது சார்?"

"அதோ, கடைசி வரிசை மூலையில. புல்லு முட்டி உயரம். பேரே தெரியல பாரு."

"நாம யாராவது செஞ்சுடலாமே?"

"அதெப்படி? சொந்தக்காரங்க உள்ளூர்ல இருந்தா அந்தக் கல்லை நாம தொடக்கூடாது. அது அவங்க உரிமை. ஆரம்பத்துலேருந்தே நம்ம வழக்கம்மா."

நாளைக்கு நினைவு நாள். மலர்வளையத்தோடு பெரிய பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். தலைவருக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று போனார்.

"ஏம்மா, உங்களுக்கென்ன நெஞ்சா, இரும்பா? ஊருக்கெல்லாம் சேவை செய்றீங்க, சொந்தப் பிள்ளைக்கு மட்டும் ஓரவஞ்சனையா? நாளைக்கு வர்றவங்க எங்களைத்தானே காறித் துப்புவாங்க!"

தையல்காரம்மா நிமிர்ந்தாள். கோபமே இல்லை அவளுக்கு.

"இந்தப் பையனோட அம்மா எங்கயோ தூரத்துல இருக்காங்க சார். வர முடியாது பாவம். அதான் செய்றேன்."

"சரி, உங்க பையன் என்ன பாவம் பண்ணான்?"

"பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு அவன்கிட்டயும் போவேன் சார். கை பரபரக்கும். ஆனா தொடாம எந்திரிச்சு வந்துடுவேன்."

"அதான் ஏன்னு கேக்கறேன்!"

"அவனைக் குழிக்குள்ள இறக்கறப்போ நீங்கதானே மைக்கைப் பிடிச்சுப் பேசினீங்க? 'அழாதீங்கம்மா, இனி இவன் உங்க பிள்ளை இல்ல, எங்க எல்லாரோட பிள்ளை'ன்னு."

தலைவர் கடைசி வரிசை மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் பிரஷ்ஷை வாளியில் முக்கி எடுத்தாள்.

"அஞ்சு வருஷமாச்சு. அந்த எல்லாரும் எப்ப சார் வருவாங்க?"